காற்றாலையும் கட்டுக்கதையும்

ராஜாக்களின் தோட்டத்தைப் பார்க்கப் போகிறவர்கள் காலுக்கு நல்ல செருப்பும் காதுக்குக் கொஞ்சம் பஞ்சும் கொண்டு போக வேண்டும். செருப்பு எதற்கு என்று சொல்லத் தேவையில்லை. பெர்லினுக்கு அடுத்தாற்போல் இருக்கிற பாட்ஸ்டாம் நகரத்து ஸான் ஸூஸி தோட்டம் சுமார் 290 ஹெக்டேர். நம் கணக்கில் எழுநூறு ஏக்கருக்கு மேல். பஞ்சு எதற்கு என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன்.

என் அக்கா பிள்ளை பெர்லினில் உத்தியோகம் பார்க்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனும் அவனுடைய ஏழு வயதுப் பெண்ணும் என்னை நகர ரயிலில் ஏற்றிப் பாட்ஸ்டாமுக்கு அழைத்துப் போனார்கள். (நாற்பத்தேழு வயதில் என்னை உரிமையோடு "தாத்தா" என்று கூப்பிடுகிற ஒரே ஜீவன் அந்தக் குழந்தைதான். முதலில் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது, இப்போது பழகிவிட்டது.) ரயிலடியிலிருந்து பஸ். பஸ்ஸிலிருந்து இறங்கினால் மரங்கள், மரங்களுக்கு அப்பால் மரங்கள்.

தோட்டத்தை நான் குறை சொல்லப் போவதில்லை. அதைக் குறை சொல்கிறவனுக்குக் கண் அவிந்திருக்க வேண்டும். குன்றை ஆறு அடுக்காக வெட்டி, ஒவ்வொரு அடுக்கிலும் கண்ணாடிக் கதவு போட்ட மாடங்களுக்குள் அத்தி மரம் வைத்து, வெளிச் சுவரில் திராட்சைக் கொடி படரவிட்டிருக்கிறார்கள். நடுவில் 132 படி. ஏறி முடித்தால் மஞ்சள் நிறத்தில் ஒற்றைத் தளக் கட்டடம் ஒன்று. பிரஷ்யா தேசத்து ராஜா இரண்டாம் பிரெடரிக், சரித்திரப் புத்தகங்களில் "மகா" பட்டம் வாங்கியவர், 1745-ல் ஆரம்பித்து 1747-ல் முடித்த கோடை மாளிகை இது. தாமே படம் போட்டுக் கொடுத்து, க்னோபல்ஸ்டார்ஃப் என்ற சிற்பியைக் கொண்டு கட்டினார். வாசல் முகப்பில் ஸான் ஸூஸி என்று பிரெஞ்சுப் பாஷையில் எழுதியிருக்கிறது. "கவலையில்லை" என்று அர்த்தம். இரண்டு வார்த்தைக்கும் நடுவில் ஒரு கமா! "இல்லை, கவலை" என்று அது படிக்கச் சொல்கிறது. அந்தக் கமாவைப் பற்றி ஒரு பண்டிதர் தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார்.

கவலையில்லாத மாளிகைக்குள் அவருடைய பட்டத்து ராணி எலிசபெத் கிறிஸ்டீனுக்கு இடமில்லை. வால்டேருக்கு இருந்தது, 1750-லிருந்து மூன்று வருஷம் அந்த பிரெஞ்சு மேதை ராஜாவின் விருந்தாளியாக இருந்து, பிறகு மனஸ்தாபத்தோடு புறப்பட்டுப் போனார். நாய்களுக்கும் இருந்தது. படிகளின் உச்சியில், மாளிகையின் ஓரமாக, அவருடைய வேட்டை நாய்களின் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. பக்கத்தில் அவர் கல்லறை. அங்கேதான் புதைக்க வேண்டும், இராத்திரியில், ஆடம்பரமில்லாமல் என்று எழுதி வைத்திருந்தார். 1786 ஆகஸ்டு 17-ந் தேதி செத்துப்போனார். பட்டத்துக்கு வந்தவர் அந்த ஆசையைக் கேட்காமல் ஊருக்குள் இருந்த படைவீட்டுக் கோயிலில், அவர் ஜன்மமெல்லாம் பயந்த தகப்பனாருக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டார். இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்டியை எடுத்துக்கொண்டு உப்புச் சுரங்கத்துக்கும் மார்பர்க்குக்கும் ஹோஹென்ஸொலர்ன் கோட்டைக்குமாக அலைந்து, 1991-ல்தான் அவர் கேட்ட இடத்துக்குக் கொண்டு வந்து சேர்த்தார்கள். இருநூற்றைந்து வருஷம்!

கல்லறைப் பலகையின் மேல் பூ இருக்கிறதோ இல்லையோ, உருளைக்கிழங்கு இருக்கிறது. வருகிறவர்கள் வைத்துவிட்டுப் போகிறார்கள். ஜனங்கள் உருளைக்கிழங்கு பயிரிட மறுத்தார்களாம். ராஜா ஒரு வயலில் கிழங்கு போட்டுச் சிப்பாய்களைக் காவல் நிறுத்தினாராம். காவல் போட்டிருக்கிறதே, என்னமோ உயர்ந்த பண்டம் போலிருக்கிறது என்று ஜனங்கள் இராத்திரியில் திருடிக் கொண்டுபோய்ப் பயிரிட்டார்களாம். 1756-ல் உருளைக்கிழங்கு பயிரிடச் சொல்லி அவர் கண்டிப்பாக உத்தரவு போட்டது நிஜம். காவல்காரக் கதை கட்டுக்கதை. போகட்டும், இதனால் யாருக்கும் நஷ்டமில்லை. கிழங்கு வைக்கிறவர்களோடு எனக்குச் சண்டை கிடையாது.

என் சண்டை கொஞ்சம் தள்ளி இருக்கும் காற்றாலையில் ஆரம்பித்தது.

"மாமா, இங்கேதான் அந்த விஷயம் நடந்தது" என்று அக்கா பிள்ளை நின்றான். எங்களுக்கு முன்னால், கையில் குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஒரு வழிகாட்டி, சுமார் இருபது பேருக்கு அதே விஷயத்தை இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தார். இருவரும் சொன்னதைச் சேர்த்துச் சொல்கிறேன்.

ராஜா மாளிகையில் உட்கார்ந்து புல்லாங்குழல் வாசிக்கிறார். வெளியே மாவரைக்கும் காற்றாலை கடகடவென்று ஓயாமல் இரைகிறது. ஆலைக்காரனைக் கூப்பிட்டு, "என்ன விலை வேண்டும்? எடுத்துக்கொண்டு போய்விடு" என்கிறார். அவன், பாட்டன் சொத்து, விற்பதற்கில்லை என்கிறான். "விலை கொடுக்காமலே எடுத்துக்கொள்ள என்னால் முடியும், தெரியுமா?" என்று ராஜா உறுமுகிறார். "பேஷாக முடியும் மகாராஜா, பெர்லினில் ஹைகோர்ட் என்று ஒன்று இல்லாமல் இருந்தால்!" என்கிறான் ஆலைக்காரன். ராஜா ஒரு கணம் திகைக்கிறார். பிறகு சிரித்து, சட்டத்துக்குத் தலை வணங்கி, அவனை அனுப்பி விடுகிறார்.

இருபது முகங்களையும் பார்த்தேன். அத்தனை முகத்திலும் ஒரு குளிர்ச்சி. ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் தொண்டை அடைத்தது என்பதை மறைப்பானேன்? மனுநீதிச் சோழன் கதை கேட்டு வளர்ந்தவன் நான். தவிர, இந்த ரகச் சரக்கை நானே விற்றிருக்கிறேன். ஒரு தொடர்கதையில், பஞ்ச காலத்தில் ஓர் ஏழைக் குயவன் சபை நடுவில் நின்று ராஜாவை எதிர்த்துக் கேள்வி கேட்பான். ராஜா சிம்மாசனத்திலிருந்து இறங்கி வந்து அவனை மார்போடு தழுவிக்கொள்வார். அந்த வாரம் எனக்கு வந்த கடிதங்கள் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை. குயவனைப் பாராட்டி ஒரு கடிதமாவது வந்ததா? எல்லாம் ராஜாவைப் பாராட்டித்தான். எதிர்த்துப் பேசியவன் அவன், புகழ் தழுவிக்கொண்டவருக்கு.

இனி நடந்ததைச் சொல்கிறேன். அந்த ஆலை 1738-ல் கட்டியது. மாளிகையைவிட ஏழு வருஷந்தான் மூத்தது. பாட்டன் சொத்தாக இருக்க வழியில்லை. புகார் செய்தது ராஜா அல்ல, ஆலைக்காரர் கிரேவனிட்ஸ். மாளிகையும் மரங்களும் காற்றை மறைத்து என் பிழைப்பைக் கெடுக்கின்றன என்று மனுப் போட்டவர் அவர். ராஜாவுக்கோ அந்த ஆலை கண்ணுக்கு அழகாகவே இருந்ததாம். கதை முதன்முதலில் அச்சில் வந்தது 1787-ல், ராஜா செத்த மறு வருஷம், பிரெஞ்சு மொழியில் வந்த ஒரு ஜீவிய சரித்திரத்தில். பத்து வருஷம் கழித்து ஆந்த்ரியூ என்ற பிரெஞ்சுக் கவிஞர் அதைப் பாட்டாகப் பாடினார்; அப்புறம் அதற்கு இறக்கை முளைத்துவிட்டது. இப்போது அங்கே நிற்கிற ஆலைகூடப் பழையது அல்ல. ராஜாவின் காலத்து ஆலையை இடித்துவிட்டு அவருக்குப் பின்னால் பெரிதாக ஒன்று கட்டினார்கள். அது 1945 ஏப்ரலில் யுத்தத்தில் எரிந்து, 1993-ல் மறுபடி திறந்தது. இதெல்லாம் ஜெர்மானியர்களே ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிற சங்கதிகள்.

கதை பொய்யாயிருப்பதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. பொய் சொல்லித்தான் நான் சாப்பிடுகிறேன். என் ஆட்சேபம் வேறு. நிஜமாகவே ஓர் ஆலைக்காரன் இருந்தான். நிஜமாகவே பெர்லின் ஹைகோர்ட்டும் இருந்தது. ராஜாவும் இதே ராஜாதான். அந்த நிஜக் கதையின் முடிவைத் தலைகீழாகத் திருப்பித்தான் காற்றாலை வாசலில் நமக்குக் கொடுக்கிறார்கள்.

அவன் பெயர் கிறிஸ்டியன் ஆர்னால்டு. பாட்ஸ்டாமிலிருந்து வெகு தூரம் கிழக்கே, பொம்மர்ஸிக் என்ற கிராமத்தில், ஷ்மெட்டாவ் பிரபுவுக்குப் பரம்பரைக் குத்தகை கட்டித் தண்ணீர் ஆலை நடத்தி வந்தான். ஓடையின் மேல் பகுதியில் கெர்ஸ்டார்ஃப் என்ற இன்னொரு பிரபு மீன் வளர்க்கக் குளம் வெட்டினார். தண்ணீர் குறைந்தது, ஆலை சுற்றவில்லை, குத்தகை கட்ட முடியவில்லை என்றான் ஆர்னால்டு. கோர்ட்டு ஒப்புக்கொள்ளவில்லை. 1778-ல் ஆலை ஏலத்துக்குப் போயிற்று. அவனும் அவன் பெண்டாட்டியும் மனுவுக்கு மேல் மனு எழுதினார்கள். ராஜா ஒரு கர்னலை அனுப்பி விசாரித்தார். கர்னல், ஏழை சொல்வதுதான் சரி என்று எழுதினார். கஸ்ட்ரின் நகரத்துக் கோர்ட்டு அப்போதும் சட்டப்படி அவனுக்குப் பாத்தியதை இல்லை என்றது. வழக்கு பெர்லின் ஹைகோர்ட்டுக்கு வந்தது. ஹைகோர்ட்டும் அதையே சொல்லிற்று.

1779 டிசம்பர் 11-ந் தேதி. கீல்வாதத்தில் வீங்கிய கைகளோடு உட்கார்ந்திருந்த ராஜா, பிரதம நீதி மந்திரி ஃபூர்ஸ்டையும் ஹைகோர்ட் நீதிபதிகள் மூன்று பேரையும் கூப்பிட்டனுப்பினார். பேச்சு நடுவில் ஃபூர்ஸ்ட், ராஜா ஒரு கோர்ட்டின் பெயரைத் தப்பாகச் சொன்னதைத் திருத்தினார். அந்த இடத்திலேயே அவருக்கு வேலை போயிற்று. நீதிபதிகள் அங்கிருந்து நேரே சிறைக்குப் போனார்கள். கஸ்ட்ரின் நீதிபதிகளையும் பிடித்தார்கள். இவர்களுக்குத் தண்டனை எழுது என்று ராஜா தம் மந்திரி ஸெட்லிட்ஸுக்கு உத்தரவு போட்டார். ஹைகோர்ட்டின் கிரிமினல் பிரிவு வழக்கைப் பார்த்தது. குற்றமே இல்லை என்றது. ஸெட்லிட்ஸ் தண்டனை எழுத மாட்டேன் என்று ராஜாவுக்கே பதில் எழுதினார். ராஜா 1780 ஜனவரி முதல் தேதி தம் கையாலேயே தண்டனை போட்டார். வேலை நீக்கம், ஒரு வருஷம் கோட்டைச் சிறை, ஆர்னால்டுக்கு நஷ்டஈடு. ஸ்பாண்டாவ் கோட்டையின் கதவு திறந்து மூடிற்று.

வேடிக்கை என்னவென்றால், 1752-ல் இதே ராஜா தம் அரசியல் உயிலில், வழக்கு நடக்கும்போது ராஜா குறுக்கிடக் கூடாது, கோர்ட்டில் சட்டம் பேச வேண்டும், ராஜா வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார். அழகான எழுத்துக்காரர். சந்தேகமில்லை.

அக்கா பிள்ளை விடவில்லை. ஆலையின் எதிரே பெஞ்சியில் உட்கார்ந்து என்னோடு மல்லுக்கு நின்றான். "நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ராஜா ஏழை பக்கம்தானே நின்றிருக்கிறார்? ஜட்ஜுகள் பிரபுக்கள் பக்கம். அப்படியானால் ராஜா செய்தது நல்லதுதானே, மாமா?"

நல்ல கேள்வி. அந்தக் காலத்து ஐரோப்பா முழுக்க அப்படித்தான் நினைத்தது. ராஜா தாம் பேசியதைப் பத்திரிகையில் போடச் செய்தார். அநீதி செய்கிற கோர்ட்டு திருட்டுக் கும்பலைவிட மோசம் என்று அதில் ஒரு வாசகம். பாரிஸில் கடைகளில் படம் போட்டு விற்றார்கள். பெர்லினில் மட்டும் இரண்டு விதமான கூட்டம். வேலை போன ஃபூர்ஸ்டின் வீட்டு வாசலில் அனுதாபம் சொல்ல வந்த பெரிய மனிதர்களின் வண்டிகள் வரிசையாக நின்றன. அரண்மனை ஜன்னலுக்குக் கீழே கிராமத்து ஏழைகள் ஆளுக்கொரு மனுவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

அந்த இரண்டாவது கூட்டத்தைத்தான் நான் அவனுக்குக் காட்டினேன். அவர்களில் எத்தனை மனுவை ராஜா படித்திருப்பார்? ஆர்னால்டின் மனு அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. கர்னல் அவனுக்குச் சாதகமாக எழுதினார். அன்றைக்கு ராஜாவுக்குக் கோபம் வந்தது. மற்றவனுக்கு? கர்னல் மாற்றி எழுதியிருந்தால் ஆர்னால்டுக்கு எந்த வாசல் மிச்சம்? சட்டம் பணக்காரனுக்குச் சாய்ந்திருந்தது என்றால் சட்டத்தை மாற்றியிருக்க வேண்டும். சட்டம் போடுகிறவர் அவர் ஒருவர்தானே, யார் கையைப் பிடித்தார்கள்? பிரபுவின் குத்தகை உரிமையில் கை வைக்காமல், அந்த உரிமையைப் படித்துச் சொன்ன நீதிபதியைச் சிறையில் போட்டார். பிரபுக்களின் பிள்ளைகள்தான் அவருடைய படைக்கு அதிகாரிகள். அந்த வம்புக்கு அவர் போவாரா?

நியாயமாகப் பேச வேண்டும். பட்டத்துக்கு வந்த 1740-ம் வருஷத்திலேயே சித்திரவதையை அநேகமாக நிறுத்தியவர் இதே பிரெடரிக். எந்த மதத்துக்காரனும் அவனவன் வழியில் போகலாம் என்றவர். அதே 1740-ல்தான் ஸைலீஷியா மேல் படையெடுத்ததும். 1756-ல் ஸாக்ஸனிக்குள் புகுந்து ஏழாண்டு யுத்தத்தைத் தொடங்கி, அது முடிந்த கையோடு, தோட்டத்தின் மறு கோடியில் பிரம்மாண்டமான புது அரண்மனையைக் கட்ட ஆரம்பித்து 1769-ல் முடித்தார். வெறும் ஜம்பத்துக்குக் கட்டியது என்று அவரே சொன்னாராம். இந்த மனிதரை நல்லவர், கெட்டவர் என்று ஒரு வார்த்தையில் அடக்க என்னால் ஆகாது. அந்த வேலையைத்தான் காற்றாலைக் கதை செய்கிறது.

அக்கா பிள்ளை ஒரு நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டு, "ஒரு குழந்தைக் கதைக்கு இவ்வளவு கோபமா?" என்றான்.

1933 மார்ச் 21-ந் தேதி, புதிய பார்லிமெண்டின் திறப்பு விழாவை இந்த ஊரில்தான் வைத்தார்கள். ராஜாவின் பெட்டி இருந்த அந்தப் படைவீட்டுக் கோயிலில், கிழவர் ஹிண்டன்பர்க் ஒரு பக்கம், ஹிட்லர் ஒரு பக்கம். ஏழைக்கு இரங்குகிற ராஜா, சட்டத்தைவிடப் பெரிய மனசு படைத்த ராஜா, எல்லாரையும் மார்போடு அணைத்துக்கொள்கிற ராஜா என்று நூற்றைம்பது வருஷம் பள்ளிக்கூடப் பாடமாகவும் பாட்டாகவும் படமாகவும் ஜனங்களின் காதில் ஓதி வைத்திருந்தார்கள். அந்தப் பீடத்தில் போய் நிற்க ஓர் ஆள் வந்தான். 1944 ஆகஸ்டில், தன்னைக் கொல்லச் சதி செய்தவர்களை அவன் விசாரணைக்கு நிறுத்தியது எங்கே தெரியுமா? பெர்லின் ஹைகோர்ட்டில். ஆலைக்காரன் மார்தட்டிச் சொன்னதாகச் சொல்கிறார்களே, அதே ஹைகோர்ட்டுக்காக இருபதாம் நூற்றாண்டில் கட்டிய புதுக் கட்டடத்தின் பெரிய மண்டபத்தில். ஃப்ரைஸ்லர் என்பவன் நீதிபதி ஆசனத்தில் உட்கார்ந்துகொண்டு குற்றவாளிக் கூண்டிலிருந்தவர்களைப் பார்த்துக் கூச்சல் போட்டான். தலைவன் என்ன நினைக்கிறானோ அதுவே தீர்ப்பு. கதையினால்தான் ஹிட்லர் வந்தான் என்று சொல்கிற அசடு அல்ல நான். ஆனால் நல்ல ராஜாவுக்காகக் கண்ணைத் துடைத்துக்கொள்கிற பழக்கம் ஒரு ஜாதிக் குதிரை மாதிரி. யார் ஏறி உட்கார்ந்தாலும் ஓடும்.

நிஜக் கதையைச் சொல்லியிருந்தால் என்ன கெட்டுப்போகும்? அதில் வீரன் இல்லையா? வேலை போகும், சிறை வரும் என்று தெரிந்தும், குற்றமில்லாதவனுக்குத் தண்டனை எழுத மாட்டேன் என்று மகா பிரெடரிக்குக்கே பதில் எழுதினாரே ஸெட்லிட்ஸ், அந்த ஒரு மனிதர் போதாதா? ஆலைக்காரனின் வாயில் கற்பனையாக ஒரு வசனத்தைத் திணிக்கிறார்கள்; நிஜமாக அந்த வசனத்தைப் பேசியவரை மறந்துவிடுகிறார்கள். காரணம் எனக்குத் தெரியும், தொழில் ரகசியம். ஸெட்லிட்ஸ் கதையில் ராஜா கடைசியில் சிரிப்பதில்லை.

ராஜா செத்த பிறகு, அடுத்த ராஜா அந்த நீதிபதிகளைக் குற்றமற்றவர்கள் என்று சொல்லி நஷ்டஈடும் கொடுத்தார். அதற்கப்புறம் புதுச் சட்டத் தொகுப்பு எழுதினவர்கள், ராஜா தம் இஷ்டத்துக்குத் தீர்ப்பில் தலையிட்டால் செல்லாது என்று ஒரு விதியை நுழைத்தார்கள். அந்த விதியை எடுத்துவிட்டுத்தான் 1794-ல் சட்டத்தை அமலுக்கு விட்டார்கள்.

மத்தியான்னம் மறுபடி அடிவாரத்துக்கு இறங்கி வந்தோம். நடுக்குளத்தில் ஊற்று தென்னை உயரத்துக்கு எழும்பிப் பொழிந்துகொண்டிருந்தது. பிரெடரிக் ஆயுள் முழுவதும் ஆசைப்பட்டும் இந்த ஊற்று அவருக்கு வேலை செய்யவில்லை. எதிர்க் குன்றின் மேல் தொட்டி கட்டினார், காற்றாலை வைத்துத் தண்ணீர் இறைக்கப் பார்த்தார், மரக் குழாய்கள் வெடித்துப்போயின. 1754-ல் ஒரு நாள், தொட்டியில் தேங்கிய பனிநீரைக் கொண்டு கொஞ்ச நேரம் பீச்சிற்றாம், அவ்வளவுதான். 1842-ல் ஹாவல் நதிக்கரையில் போர்ஸிக் கம்பெனியார் செய்த நீராவி யந்திரத்தை வைத்த பிறகுதான் தண்ணீர் ஏறியது. அந்த யந்திரக் கட்டடத்தைத் திரும்பும் வழியில் பார்த்தோம். பார்த்தால் மசூதி! மேலே கும்மட்டம், பக்கத்தில் மினார். அந்த மினார்தான் புகைபோக்கி. ராஜாவின் தோட்டத்துக்குப் பக்கத்தில் கரியும் புகையும் இருப்பது கண்ணுக்குத் தெரியக் கூடாதாம்.

ரயிலில் குழந்தை என் மடியில் சாய்ந்துகொண்டு, "தாத்தா, ஜெயிலுக்குப் போன ஜட்ஜெல்லாம் பேர் என்ன?" என்று கேட்டது. மூன்று பேரைத்தானே ராஜா முதலில் கூப்பிட்டார். என் குறிப்புப் புத்தகத்தில் தேடிப் பார்த்துச் சொன்னேன். ரான்ஸ்லேபன், ஃப்ரீடல், கிரௌன். அதில் ரான்ஸ்லேபனைச் சீக்கிரமே விட்டுவிட்டார்கள் என்றும் சொன்னேன். "மத்த ரெண்டு பேரையும்?" என்றாள். அதற்குள் பெர்லின் வந்துவிட்டது. இறங்குகிற அவசரத்தில் குடையை ரயிலிலேயே வைத்துவிட்டேன்.